பிள்ளைகள் இல்லாத கம்பெனி

நாராயணம்மாவின் உடம்பு எந்த வயதில் வளர்வதை நிறுத்தியது என்று யாரும் கவனிக்கவில்லை. வேப்பனப்பள்ளிக்கு அப்பால், மூன்று மாநிலத்துக் கோழிகளும் ஒரே குப்பையைக் கிளறும் ஊர் அவளுடையது. அடுத்தவர் மாந்தோப்பைக் காவல் காத்த குடும்பத்தில், நான்காவதாகப் பிறந்த பெண்ணின் உயரத்தை அளந்து பார்க்க யாருக்கு நேரம்? பதினைந்தாம் வயதில் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தபோது, பெண் நன்றாக வளர்ந்துவிட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பத்தொன்பதாம் வயதில், ஓசூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலே அவளுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவள் இரண்டு தீர்ப்பையுமே எதிர்த்துப் பேசவில்லை. முதலாவதை எதிர்க்க அவளுக்கு வாயில்லை. இரண்டாவதை எதிர்ப்பதில் லாபமில்லை.

புருஷன் கங்கப்பன் பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை செய்தான். குவாரிக்காரர்கள் கர்நாடகத்துக்குள் வேறொரு மலையை எடுத்தபோது அவனும் கூடப் போனான். அந்த மலை தீர்வதற்குள் அங்கேயே இன்னொரு குடித்தனத்தை ஆரம்பித்துவிட்டான். கைக்குழந்தை பூவம்மாவோடு நாராயணம்மா ஓசூருக்கு பஸ் ஏறினாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்று பாஷை அவளிடம் இருந்தது. வேறு சொத்து இல்லை.

அவளுக்கு வேலை கொடுத்தது, வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்து அனுப்பிய ஒரு கம்பெனி. பிராக், ஜட்டி, தொப்பி, காலுறை என்று பிறந்த நாள் முதல் பள்ளிக்கூட வயது வரைக்கும் எல்லாம் அங்கே உண்டு. ஒவ்வொரு உடுப்பின் கழுத்திலும் ஒரு பச்சை இலையும் இரண்டு பிஞ்சுப் பாதங்களும் போட்ட பட்டை. மண்ணுக்கும் பிள்ளைக்கும் கெடுதல் செய்யாத உடுப்பு என்று அதற்கு அர்த்தமாம். சாயம் இலையிலிருந்து, பொத்தான் தேங்காய்த் தொட்டியிலிருந்து, பஞ்சு மருந்தடிக்காத காட்டிலிருந்து. அப்படித்தான் எழுதியிருந்தது, அதில் பாதி உண்மையாகவும் இருந்தது.

கம்பெனிக்கு ஒரு விதி இருந்தது. கல்யாணம் ஆன பெண்ணை எடுப்பதில்லை. அவள் பிள்ளை பெறுவாள். பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு லீவு கேட்பாள். இத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று சர்க்கார் சட்டம் வேறு இருக்கிறது. காட்டோரத்துத் தேன்கனிக்கோட்டைக்காரன் யானையைக் கண்டு பயப்படுவதைவிட, அந்தக் குழந்தை உடுப்புக் கம்பெனி குழந்தைகளைக் கண்டு அதிகமாகப் பயந்தது.

வேலைக்கு வருகிற பெண்களைப் பார்த்து எடுக்கும் பொறுப்பு சூப்பர்வைசர் ஃபகருன்னிசாவுக்கு. அவளுக்கே மூன்று பிள்ளைகள். ஆனால் சூப்பர்வைசர் என்பதால் அது கணக்கில் வராது. வருகிற பெண்ணின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. "செருப்பைக் கழட்டு" என்பாள். மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்ளலாம், தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிடலாம். வருஷக்கணக்காக மெட்டி கிடந்த விரலில் விழுந்திருக்கும் வெளுத்த வளையத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

நாராயணம்மா அதையும் விசாரித்து வைத்துக்கொண்டுதான் போனாள். இரண்டு காலிலும் விரல்களுக்குத் தொப்பி போட்டதுபோல மருதாணி.

ஃபகருன்னிசா குனிந்து பார்த்தாள். "ஏம்மா, கையில இல்லாத மருதாணி காலுல மட்டும் எதுக்கு? உங்க ஊர்ல காலுக்கு மட்டும்தான் திருவிழாவா?"

"கைக்குப் பத்தலைங்கக்கா. அரைச்சது கொஞ்சம்."

"காலுக்குத்தான் முதல்ல வைப்பாங்களா?"

நாராயணம்மா கால்விரல்களை மடக்கிக்கொண்டாள். ஃபகருன்னிசா கொஞ்ச நேரம் அந்தக் கால்களையும், பிறகு முதல்முறையாக முகத்தையும் பார்த்தாள். "சரி, உள்ள போ. பிசிறு வெட்டற டேபிள். கத்தரி புடிக்கத் தெரியுமில்ல?"

அப்படியாக நாராயணம்மா கன்னிப்பெண் ஆனாள். மூக்கண்டப்பள்ளியில் வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் ஓர் அறை எடுத்தாள். பக்கத்து அறை வெங்கடம்மா, தன் இரண்டு பிள்ளைகளோடு பூவம்மாவையும் பகலில் பார்த்துக்கொண்டாள். காலையில் கம்பெனிக் கதவுக்குள் நுழையும்போது நாராயணம்மாவுக்குப் பிள்ளை கிடையாது; சாயங்காலம் கதவைத் தாண்டினால் உண்டு. தைத்து வந்த பிராக்குகளில் தொங்கும் நூல்களை நறுக்குவது அவள் வேலை. மேலே போட்டுப் பார்த்தால் பூவம்மாவுக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றுகிற உடுப்பு வந்தால் மட்டும், அதை ஒரு நொடி அதிகம் கையில் வைத்திருப்பாள்.

அதே மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்தவள் முனிலட்சுமி. பதிமூன்று வயது. வேலைக்கு எடுத்தபோது கம்பெனி அவளைப் பதினாறு ஆக்கியிருந்தது. அப்பா குடிகாரன், கீழே மூன்று தம்பி தங்கைகள், அடுப்பு எரிய வேண்டுமானால் இவள் கத்தரி பிடிக்க வேண்டும். ஆனாலும் மேஜையில் சிரிப்பு மூட்டுகிறவள் அவள்தான்.

"நாராயணக்கா, உனக்கு மாப்பிள்ளை பாக்கணும்னா நேரா எலிமெண்டரி ஸ்கூலுக்குத்தான் போவணும்."

"போடி வாயாடி. எனக்கு எதுக்கு மாப்பிள்ளை?"

"ஆமாமா, மூக்குல ஒழுகறதைத் தொடச்சு விடவே உனக்கு நேரம் சரியாப் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நாராயணம்மாவும் சிரித்தாள். அன்று காலையில் அவள் துடைத்துவிட்டு வந்த மூக்கு ஒன்று உண்மையாகவே இருந்தது.

இப்படி இரண்டு வருஷம் போனது. அந்தச் சமயம் எங்கோ ஒரு தேசத்தில், கம்பளம் முடிகிற சிறுவர்களை யாரோ படம் எடுத்து டெலிவிஷனில் காட்டிவிட்டார்கள். அங்கே தாய்மார்கள், தங்கள் பிள்ளையின் பிராக்கைத் தைத்தது எந்தப் பிள்ளை என்று கேட்க ஆரம்பித்தார்களாம். இலை போட்ட பட்டைக்காரர்கள் ஒரு அம்மாளை அனுப்பினார்கள். தண்ணீர் எங்கே போகிறது, சாயத்தில் என்ன இருக்கிறது, வேலை செய்கிறவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடம் உண்டா, எல்லாவற்றையும் நேரில் பார்த்து மதிப்பெண் போட வருகிறாள் என்று மேனேஜர் சென்னகிருஷ்ணன் சொன்னார்.

சென்னகிருஷ்ணன் கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி என்று அவருக்குப் பரம்பரையாகவே தெரியும். சாயப்பட்டறையை நிறுத்தினார், பின்பக்கக் கால்வாய் சில நாளில் சுனை நீர்போல ஆனது. கழிவுநீர்த் தொட்டியில் மீன் விட்டார். தீயணைக்கும் வாளிகளில் மணல் வந்தது, மின்விசிறிகளுக்கு இறக்கை வந்தது. பழைய அட்டைப்பெட்டிகள் கிடந்த அறைக்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, சுவரில் கிளியும் முயலும் வரைந்து, ஒரு தொட்டிலும் ஆடுகிற மரக்குதிரையும் வைத்து, 'பேபி ரூம்' என்று பலகை மாட்டினார். பேபிதான் இல்லை. கல்யாணமே ஆகாத பெண்கள் மட்டும் வேலை செய்கிற இடத்தில் அது எங்கிருந்து வரும் என்ற கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. "வெளியில இருந்து ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்று அவரே சொல்லிவிட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் ஃபகருன்னிசா மேஜை மேஜையாக வந்தாள். சின்னதாகத் தெரிகிற பெண்களின் தோளைத் தொட்டாள். தொடப்பட்டவர்கள் மறுநாள் வர வேண்டாம். முனிலட்சுமியைத் தொட்டாள். அடுத்து நாராயணம்மாவைத் தொட்டாள்.

"அக்கா, எனக்குப் பத்தொன்பது."

"எனக்குத் தெரியுது. உன் மூஞ்சிக்குத் தெரியலையே!"

"அப்புறம் திரும்பக் கூப்பிடுவாங்களாக்கா?"

"கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க" என்று ஃபகருன்னிசா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அந்தப் பார்வை போதும். அனுப்புகிறவர்களைத் திரும்ப எடுக்கப்போவதில்லை. இந்த வேலை போனால் அறை போகும். அறை போனால் மாந்தோப்புக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவளுக்காகக் காத்திருப்பது, கங்கப்பன் காலில் விழுந்து கூட்டி வரலாம் என்ற யோசனை ஒன்றுதான். அன்று வெங்கடம்மாவிடம் போய் ஒரு புடவை கேட்டாள். புடவை கட்டினால் பெரியவளாகத் தெரியும் என்பது அவள் எண்ணம். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். தாவணிக்கும் புடவைக்கும் நடுவில்தானே ஒரு பெண்ணின் வயது இருக்கிறது!

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். காவல்காரர் கங்காணிபோல ஏற இறங்கப் பார்த்தும், புடவையைப் பார்த்து விட்டுவிட்டார். ஃபகருன்னிசா அவளை மேஜையில் கண்டபோது நேரமாகிவிட்டது. வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது.

"படுபாவி! கொலுவுல வெச்ச பொம்மையாட்டம் வந்து உக்காந்திருக்கறயே" என்று பல்லைக் கடித்தாள். "தலையைக் குனிஞ்சுக்கோ. நிமிராத."

ஆனால் நாராயணம்மா ஏற்கெனவே வேறு ஒன்றைப் பார்த்து வெளிறிப்போயிருந்தாள். கொஞ்சம் முன்னால் தண்ணீர் குடிக்கப் போனவள் பேபி ரூம் ஜன்னலைத் தாண்டினாள். உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள். கம்பெனி வேன் மூக்கண்டப்பள்ளி வீடுகளுக்கு வந்து, பிஸ்கட்டும் புது உடுப்பும் தருவதாகச் சொல்லி அள்ளிக்கொண்டு வந்த பிள்ளைகள். வெங்கடம்மா தன் இரண்டையும் ஏற்றியவள், மூன்றாவதை மட்டும் எதற்கு விட்டுவைப்பது என்று ஏற்றிவிட்டிருக்கிறாள். மரக்குதிரையின் மேல், ஒரு கை நீளமாகப் போனதால் கழித்துப் போட்ட பிராக்கில், பூவம்மா ஆடிக்கொண்டிருந்தாள். நாராயணம்மா குனிந்து, ஜன்னலுக்குக் கீழேயே நடந்து மேஜைக்கு வந்து சேர்ந்தாள்.

வெள்ளைக்காரம்மாள் கெட்டவளாக இருந்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். அவள் நல்லவள். கால்வாயில் கை நனைத்துப் பார்த்தாள். மீன்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். குழந்தையின் வாயில் கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு பொத்தானையும் ஒரு சின்ன மெஷினில் மாட்டி இழுத்துச் சோதித்தாள். பேபி ரூமை எட்டிப் பார்த்துக் கை ஆட்டினாள். பிறகு தையல் வரிசைக்கு வந்தாள். சுடிதாரும் தாவணியுமாக உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒரே ஒரு புடவை. அம்மா வெளியே போன நேரம் பார்த்து எடுத்துக் கட்டிக்கொண்டதுபோல ஒரு புடவை. அவள் நேராக அங்கே வந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நாராயணம்மாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். கூட வந்த பெங்களூர் அம்மாள் கன்னடத்தில் கேட்டாள்.

"உனக்கு என்ன வயசு, மகளே?"

"பத்தொன்பது."

"பயப்படாதே. யாரும் திட்டமாட்டாங்க. சின்னப் பிள்ளைன்னா வேலையிலேர்ந்து எடுத்து ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. செலவு கம்பெனியோடது. உனக்குப் படிக்கப் பிடிக்காதா?"

பிடிக்கும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அன்று அவள் சாப்பிடவில்லை. அப்போது யாராவது இப்படி மண்டியிட்டுக் கேட்டிருந்தால்! ஆனால் 'செலவு கம்பெனியோடது' என்பது காதில் விழுந்ததும் சென்னகிருஷ்ணன் வேகமாக முன்னால் வந்தார்.

"மேடம், இது நம்ம ஒர்க்கரே இல்ல. யாரோ ஒருத்தியோட தங்கச்சி. வேடிக்கை பாக்க வந்திருக்கு. ஏம்மா, எழுந்து வெளிய போ."

இரண்டு வருஷம் நூல் நறுக்கியவளை ஒரு வாக்கியத்தில் நறுக்கியாயிற்று. ஃபகருன்னிசா மின்விசிறியைப் பார்த்தாள். நாராயணம்மா எழுந்தாள். சின்னவள் என்றால் வேலை கிடையாது. பெரியவள் என்று நிரூபிக்க அவளிடம் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சியைக் காட்டினாலும் வேலை கிடையாது. வாசல் இந்தப் பக்கம், பேபி ரூம் அந்தப் பக்கம். அவள் அந்தப் பக்கம் நடந்தாள்.

திரும்பி வந்தபோது இடுப்பில் பூவம்மா இருந்தாள்.

"இது என் பொண்ணு. நான் பெத்தது" என்றாள் கன்னடத்தில். பிறகு, மேனேஜருக்கும் கேட்கட்டும் என்று தமிழில் ஒரு முறை.

பெங்களூர் அம்மாள், தங்கையாக இருக்கும் என்று ஏதோ முணுமுணுத்தாள். பூவம்மாவுக்கு அந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, தூக்கம் வரும்போது செய்வதுபோல ஒரு கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். பால் மறந்த பிறகும் பிள்ளைகளுக்குப் போகாத பழக்கம் அது. அக்காளிடமோ சித்தியிடமோ எந்தப் பிள்ளையும் அப்படிச் செய்யாது. வரிசையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வெள்ளைக்காரம்மாள் எழுந்து நின்று, தலையை இரண்டு தரம் ஆட்டினாள். அவளுக்கும் பிள்ளை இருந்திருக்க வேண்டும்.

பெங்களூர் அம்மாள் வாய்வழியாக அடுத்த கேள்வியும் வந்தது. "பிள்ளைக்கு மூணு வயசு இருக்கும். உனக்குப் பத்தொன்பது. அப்படின்னா கல்யாணம் எப்போ ஆச்சு?"

நாராயணம்மா வாயைத் திறந்தாள். முந்திக்கொண்டது ஃபகருன்னிசா.

"இருபத்தி ரெண்டு மேடம் அவளுக்கு. படிக்காத பொண்ணு, வயசைக் கொறச்சுச் சொல்லுது. பதினெட்டு முடிஞ்சப்புறம்தான் கல்யாணம். நான் போயிருந்தேனே, பிரியாணி இல்லன்னாலும் சாப்பாடு நல்லாயிருந்தது!"

அவள் வயதைப் பற்றி அன்று சொல்லப்பட்டவற்றில் முழு உண்மை நாராயணம்மா சொன்ன ஒரு எண்தான். ஏற்றுக்கொள்ளப்படாததும் அது ஒன்றுதான். வெள்ளைக்காரம்மாள் தாயையும் பிள்ளையையும் மரக்குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். வேலை செய்யும் தாய். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பிள்ளை. இலை போட்ட பட்டைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்த தடவை வரும்போது இந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று பெயர் கேட்டு எழுதிக்கொண்டு காரில் ஏறினாள்.

கார் போன பிறகு மேனேஜர் கூப்பிட்டார்.

"ரெண்டு வருஷமாக் கம்பெனியை ஏமாத்தியிருக்க நீ."

"ஆமாங்க சார்."

"உன்னை என்ன பண்றது?"

"சார் இஷ்டம். என் பொண்ணைக் கேக்காம வேன்ல ஏத்திட்டு வந்துட்டீங்க. இப்ப நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாங்களா?"

சென்னகிருஷ்ணன் அவளை அனுப்பிவிட ஆசைப்பட்டார். ஆனால் அந்த அம்மாள் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டாள். "நாளைக்கு வரும்போது பிள்ளையைக் கூட்டிட்டு வா" என்றார், யாரையோ தண்டிக்கிற குரலில்.

சில வாரங்கள் அந்த மஞ்சள் அறையில் பூவம்மா மட்டும் தனியாகக் குதிரை ஆடினாள். பிறகு ஒரு திங்கட்கிழமை, பட்டன் வைக்கிற பெண் ஒருத்தி கையில் ஒரு பையனோடு வந்து நின்றாள். இன்னொருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். மெட்டிகள் விரலுக்குத் திரும்பின. கல்யாணமே ஆகாத அந்தக் கம்பெனியில் இத்தனை தாய்மார்கள் எங்கே இருந்தார்கள் என்று சென்னகிருஷ்ணன் வியந்துபோனார். ஃபகருன்னிசா வியக்கவில்லை.

தோளில் தொட்டு அனுப்பப்பட்ட சின்னப் பெண்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. கம்பெனியில் குழந்தைத் தொழிலாளரே இல்லை என்று மதிப்பெண் வந்துவிட்ட பிறகு, யாரைப் பள்ளிக்கு அனுப்புவது? முனிலட்சுமி கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைக்குப் போனாள். கோடை முழுக்க மாம்பழம் தோல் சீவுகிற வேலை. ஊர்த் திருவிழாவில் நாராயணம்மா அவளைப் பார்த்தபோது விரலிடுக்கெல்லாம் மாம்பால் பட்டு வெந்து, தோல் உரிந்து கிடந்தது.

"கூழும் வெளிநாட்டுக்குத்தான் போவுதுக்கா" என்றாள். "ஆனா அதைப் பாக்க ஒருத்தரும் வர்றதில்ல." பழைய மாதிரியே சிரிக்கப் பார்த்தாள். "உன்னை மட்டும் எப்படிக்கா வெச்சுக்கிட்டாங்க? நீ என்னைவிடக் குள்ளம்!"

நாராயணம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறு வருஷம் வெள்ளைக்காரம்மாள் சொன்னபடியே வந்தாள். முந்தின நாள் ஃபகருன்னிசா மறுபடியும் மேஜை மேஜையாக வந்து, புதிதாகச் சேர்ந்திருந்த சில தோள்களைத் தொட்டுவிட்டுப் போயிருந்தாள். நாராயணம்மாவின் தோளை அவள் தொடவில்லை. பேபி ரூமில் இப்போது உண்மையான பிள்ளைகள், உண்மையான அழுகை. அந்த அம்மாள் பூவம்மாவை அடையாளம் கண்டு தூக்கிக்கொண்டாள். மேனேஜரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினாள். பெங்களூர் அம்மாள் கேட்டாள்.

"இங்கே சரியில்லாதது ஏதாவது இருந்தா சொல்லு. நீ சொன்னதா யாருக்கும் தெரியாது. உன் பேச்சை இவங்க நம்புவாங்க."

போன வருஷம் நம்பாத வாய் அது. இந்த வருஷம் நம்புவார்கள். வேறு யார் சொன்னாலும் எடுபடாதது, இவள் சொன்னால் எடுபடும். நேற்று அனுப்பப்பட்ட பெண்கள் இன்னும் வீட்டில்தான் இருப்பார்கள்; மாங்கூழ் ஆலை திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அந்தப் பெண்களின் கதை நாராயணம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஆர்டர் போகலாம். ஆர்டர் போனால் இந்த அறை மறுபடி அட்டைப்பெட்டிக்குப் போகும். அந்தப் பக்கம் தொட்டிலில் பட்டன் வைக்கிறவளின் பையன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் போய்த் தொட்டிலை ஒரு தரம் ஆட்டிவிட்டாள். பெங்களூர் அம்மாள் இன்னொரு தடவை கேட்டாள்.

"குடிக்கிற தண்ணி இப்ப நல்லா இருக்குதுங்கம்மா" என்றாள் நாராயணம்மா.

அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.